சமையல் மேடைக்கு மேலே என்ன விளக்கு போடலாம்? அதிகச் செலவில்லாமல் வாங்க ஒரு கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சமையலறையில் கூரை நடுவில் ஒரே ஒரு டியூப்லைட்தான். மேடை முன்னால் நின்றால் வெளிச்சம் முதுகில் விழுகிறது, நறுக்கும் பலகை மேல் என் நிழல். மேல் கப்போர்டுக்கு அடியில் விளக்கு போடலாம் என்று தேடினால் ஸ்ட்ரிப், பார், பேட்டரியில் எரியும் வட்ட விளக்கு என்று ஏகப்பட்ட வகை. கப்போர்டின் நீளம் இரண்டரை மீட்டர். அதிகம் செலவழிக்க முடியாது. எதை வாங்குவது?

பதில்: எல்இடி ஸ்ட்ரிப், அதைப் பொருத்த பால் நிற மூடியுள்ள அலுமினியம் சேனல், தனியாக ஒரு டிரைவர் (வீட்டுக் கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி). இந்த மூன்றையும் பிரித்து வாங்குங்கள். ஒரே பெட்டியில் செட்டாக வருவதைவிட பெரும்பாலும் மலிவாக முடியும். அதைவிட முக்கியமானது, நாளைக்கு ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பாக்கெட்டில் 50,000 மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், ஆனால் வீட்டில் பெரும்பாலும் முதலில் போவது எல்இடி இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர்தான். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிய விளக்கில் டிரைவர் போனால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை வாட்டை வைத்துப் பார்க்காதீர்கள், லூமனைப் பாருங்கள், விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு அதுதான். கத்தி வைத்து வேலை செய்யும் இடத்துக்கு சுமார் 500 லக்ஸ் இருந்தால் நல்லது, லக்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன் விழுகிறது என்பது. உங்கள் மேடை இரண்டரை மீட்டர் நீளம், அகலம் வழக்கமான 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.5 சதுர மீட்டர். அப்படியானால் மேடையில் விழ வேண்டியது 750 லூமன். பால் நிற மூடி கொஞ்சம் விழுங்கும், சுவரிலும் தரையிலும் கொஞ்சம் சிதறும், அதனால் ஏறக்குறைய இரு மடங்காகவே வாங்குங்கள். மீட்டருக்கு 600 லூமன் தரும் ஸ்ட்ரிப் போதும். இன்றைய சாதாரண ஸ்ட்ரிப்பில் அதற்கு மீட்டருக்கு 6 முதல் 8 வாட் வரை ஆகும், மொத்தம் 20 வாட்டுக்குள் வரும். லூமன் எவ்வளவு என்று எங்கேயும் எழுதாமல் "சூப்பர் பிரைட்" என்று மட்டும் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.

டிரைவரை ஸ்ட்ரிப்பின் வாட்டுக்குச் சரியாக வாங்கக் கூடாது, கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும். 20 வாட் ஸ்ட்ரிப்புக்கு 25 வாட், அது கிடைக்காவிட்டால் 30 வாட். முழு பாரத்தில் ஓடும் டிரைவர் சூடாகி சீக்கிரம் போய்விடும். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று குழம்ப வேண்டாம், உங்கள் நீளத்துக்கு 12 போதும். ஐந்து மீட்டர், அதற்கு மேல் என்றால் 24 எடுங்கள். அதே வாட்டுக்கு 24 வோல்ட்டில் பாதி கரண்ட்தான் ஓடும், வயரில் வீணாவது கால் பங்காகக் குறையும். அதனால்தான் நீளமான 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் கடைசி முனை மங்கலாகத் தெரிகிறது. ஸ்ட்ரிப் எத்தனை வோல்ட்டோ டிரைவரும் அதே வோல்ட் இருக்க வேண்டும், இதில் மட்டும் விளையாடாதீர்கள்.

அடுத்து நிறம். நிறைய பேர் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பாக்கெட்டில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு 100-க்கு எத்தனை என்று. 80 போட்டதும் 90 போட்டதும் கடையில் பார்க்க ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும், வித்தியாசம் பலகையில் தக்காளியோ இறைச்சியோ வைக்கும்போதுதான் தெரியும். வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடிதான், அதன் மேல் பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) நீலமும் மஞ்சளும் நிறைய இருக்கும், ஆழ்ந்த சிவப்பு குறைச்சல். அதனால் மலிவான எல்இடிக்குக் கீழே சிவப்பு எல்லாம் பழுப்படித்துத் தெரியும், இறைச்சி புதுசா பழசா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். 90 போட்ட ஸ்ட்ரிப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். ரிமோட்டிலும் ஆப்பிலும் மிச்சப்படுத்தி இதில் போடலாம்.

கெல்வின் எண் ரசனையைப் பொறுத்தது. 2700, 3000 என்றால் மஞ்சள் சாயல், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. உங்கள் கூரை விளக்கு 6500 என்றால் கீழே 2700 போடாதீர்கள், ஒரே அறையில் இரண்டு வேறு வெளிச்சம் கண்ணை உறுத்தும். 4000 இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

எங்கே ஒட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல விளக்கை வாங்கித் தப்பான இடத்தில் ஒட்டினால் போட்ட காசு வீண். நிறைய பேர் கப்போர்டின் பின்பக்கம், சுவரை ஒட்டிப் போடுகிறார்கள். சுவர் டைல்ஸ் அழகாக மின்னும், ஆனால் பலகை இருக்கும் முன்பகுதிக்கு வெளிச்சம் குறைந்துவிடும், பாத்திரங்களின் நிழல் உங்கள் பக்கமாக நீளும். கப்போர்டின் முன் விளிம்புக்கு உள்ளே, கதவுக்கு ஓரிரு சென்டிமீட்டர் பின்னால், சாய்ந்த சேனலில் சுவரைப் பார்த்த மாதிரி பொருத்துங்கள். வெளிச்சம் மேடை முழுக்க விழும், நின்றாலும் தள்ளி உட்கார்ந்தாலும் கண்ணில் நேராகக் குத்தாது. மேடை பளபளவென்று பாலிஷ் போட்ட கல்லாக இருந்தால் பால் நிற மூடி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு எல்இடியும் கல்லில் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளியே தெரியாத சிஓபி ஸ்ட்ரிப்பும் வருகிறது, விலை கொஞ்சம் கூட.

இதையெல்லாம் வாங்கிச் சேர்க்கப் பொறுமை இல்லை என்றால், ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போகும் டி5 எல்இடி பார் பரவாயில்லை. எத்தனை பார் வரை கோக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். அதில் நேரடி மெயின் கரண்ட் ஓடுவதால் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், துளை போட முடியாது. சார்ஜ் செய்து காந்தத்தில் ஒட்டும் விளக்கு சரிப்படுமா?

பதில்: இரவில் தண்ணீர் குடிக்க வந்தால் கை வைக்காமலே எரியும், அதற்குச் சரி. சமைக்கும் விளக்காக அதை நம்பாதீர்கள். கணக்கு எளிது: 1500 எம்ஏஎச் பேட்டரி என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், சுமார் 5.5 வாட்-அவர் வரும். விளக்கு 2 வாட் எரித்தால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. பல வாரம் வரும் என்று அவர்கள் சொல்வது, ஆள் நடமாட்டம் பார்த்துச் சில நொடி எரிந்து அணையும் கணக்கில். நீங்கள் அசையாமல் நின்று நறுக்கினால் நடுவில் அணைந்து வேறு எரிச்சலூட்டும். வாங்குவதானால் தொடர்ந்து எரியும் மோட் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத மாடல்களும் உண்டு. மூன்று சின்ன பேட்டரி போடும் வட்ட விளக்கு இன்னும் மோசம், பேட்டரி இறங்க இறங்க மங்கிக்கொண்டே போகும், பேட்டரி வாங்கும் செலவு விளக்கின் விலையைத் தாண்டிவிடும்.

பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் வாடகை வீட்டுக்கும் ஸ்ட்ரிப்தான் என் பதில். வயரில் சின்ன சுவிட்சோடு பிளக் அடாப்டர் கிடைக்கும். சேனலை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிடலாம், காலி செய்யும்போது ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் டேப் இளகி வந்துவிடும், எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போகலாம். வயர் மட்டும் தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் அடுப்புப் பக்கமும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலிவாக ஒரு ஸ்ட்ரிப் வாங்கி நானே ஒட்டினேன். சில மாதத்திலேயே ஓரிடத்தில் மூன்று எல்இடி சேர்ந்தாற்போல அணைந்துவிட்டது, அடுப்புப் பக்கம் மஞ்சளாகிக் கீழே தொங்குகிறது. எல்லா ஸ்ட்ரிப்பும் இப்படித்தான் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் வழக்கமாக மூன்று எல்இடி ஒரு தொகுப்பாகக் கோத்திருக்கும், அதில் ஒன்று போனால் மூன்றும் அணையும். வெட்டுவதற்கான கத்தரிக்கோல் குறியும் அந்த மூன்றுக்கு ஒருமுறைதான் இருக்கும். அந்தத் துண்டை மட்டும் குறியில் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டைச் சால்டரிங் செய்து சேர்க்கலாம். வோல்ட், நிறம், அகலம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது.

போனதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. ஸ்ட்ரிப்பை நேராக மரத்தில் ஒட்டினால் சூடு போக வழியில்லை, அலுமினியம் சேனல் அந்தச் சூட்டை இழுத்து வெளியே விடும். சேனல் வெறும் அலங்காரம் என்று நினைத்து அதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். மஞ்சளானது மேலே பூசிய பூச்சாக இருக்கலாம், மட்டமான பூச்சுகள் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அப்படித்தான் ஆகும். அடுப்புக்கு நேர் மேலே ஸ்ட்ரிப் போடவே வேண்டாம், அங்கே சிம்னி விளக்கோ கூரை விளக்கோ போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வரும் பகுதிக்கு மட்டும் ஐபி65 என்று போட்டதாக, அதாவது தண்ணீர் தெறித்தாலும் தாங்குவதாக, வாங்குங்கள்.

தொங்குவதற்குக் காரணம் பிசுக்கு. கப்போர்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், எப்படி ஒட்டுகிறது என்று தெரியும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்பிரிட்டில் ஒருமுறை துடைத்துவிட்டு ஒட்டுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று கிளிப்பை ஸ்க்ரூ போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கடையில் விளக்கை எரியவிட்டு, மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ வெளிச்சம் துடித்தாலோ வேறு டிரைவர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிம்மர் வைத்ததென்றால் வெளிச்சத்தைக் குறைத்தும் பாருங்கள், மலிவான டிம்மரில் அப்போதுதான் துடிப்பு தெரியும்.

கேள்வி: கலர் மாறும் ஸ்ட்ரிப் விலை குறைவாக இருக்கிறதே, அதிலேயே வெள்ளை வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வரும் வெள்ளையில் நடுநடுவே உள்ள நிறங்கள் விடுபட்டிருக்கும், காய்கறி எல்லாம் வேறு நிறமாகத் தெரியும். ஹாலில் டிவிக்குப் பின்னால் போடுங்கள். சமையல் மேடைக்கு வேண்டாம்.

கேள்வி: தினமும் நான்கு மணி நேரம் எரிந்தால் கரண்ட் பில் எகிறுமா?

பதில்: எகிறாது. 20 வாட், நான்கு மணி நேரம், 30 நாள் என்றால் மாதம் 2.4 யூனிட்.