மேஸ்திரிக்கும் மாய்ஸ்த்ருவுக்கும் ஒரே தாத்தா

மகனை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று யோசனை கேட்டு, போன சனிக்கிழமை புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா கொத்தனார், முப்பது வருடம் கரணை பிடித்த கை. அம்மா மடியில் ஒரு கட்டைப்பை. அதற்குள் மகனின் சான்றிதழ்கள், கூடவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் வழவழப்பான கையேடு. மகன் டிப்ளமோ சிவில் முடித்து ஒன்பது மாதம் ஆகிறது. அவன் வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் அம்மாவின் தம்பிதான். "டிப்ளமோவோட நிறுத்தினா யார் சார் பொண்ணு கொடுப்பாங்க? நேரா ரெண்டாவது வருஷம் பி.இ. சேர்த்துடலாம். அது சரிப்படலன்னா ருமேனியாவுக்கு ஒரு ஏஜென்ட் இருக்காரு. அஞ்சு லட்சம் கேக்குறாரு, ஹெல்பர் வேலை."

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமான பாட்டைத்தான் பாடினேன். கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா அமையும் என்று. அப்புறம் பையனிடம், லீவு நாளில் என்ன செய்வாய் தம்பி என்று கேட்டேன். "அப்பா சைட்டுக்குப் போய்க் கம்பி கட்டுவேன் சார். பில்லருக்கு ரிங் வளைக்கிறது பிடிக்கும்" என்றான். ஆள்காட்டி விரல் ஓரத்தில் கட்டுக்கம்பி கிழித்த தழும்பு இருந்தது. அதற்குமேல் எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

அம்மா, அன்றைக்கு உங்கள் தம்பி இருந்ததால் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பி.இ. வேண்டாம். கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு நாலரை லட்சம் என்று நீங்களே கணக்குச் சொன்னீர்கள். முடித்துவிட்டு வந்தால் கிடைக்கிற முதல் வேலை, சைட் இன்ஜினியர் என்ற பெயரில் சூப்பர்வைசர் வேலை. அந்த நாற்காலிக்கு இவன் கையிலிருக்கும் டிப்ளமோவே போதும். உங்கள் வீட்டுக்காரர் கொத்து வேலையில் ஒரு மாதத்தில் சம்பாதிப்பதைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்கும் பி.இ. பிள்ளைகள் நீங்கள் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். படிக்க ஆசைப்படும் பிள்ளையை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. இங்கே ஆசை உங்கள் தம்பிக்கு, கட்டணம் உங்களுக்கு, மூன்று வருடம் உட்கார வேண்டியது இவன். இருபத்தொரு வயதுப் பையனின் படிப்புக் கணக்கில் கல்யாணப் பேச்சைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

ருமேனியா விஷயத்தில் உங்கள் தம்பி ஊரைச் சரியாகச் சொன்னார், வழியைத்தான் தப்பாகச் சொன்னார்.

அந்த நாடு 2007-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அங்கிருந்த கொத்தனாரும் தச்சரும் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். சாரம் நிற்கிறது, ஏற ஆளில்லை. அதனால்தான் 2022 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர் வரை எடுக்கலாம் என்று அந்த அரசு ஒதுக்கீடு வைத்தது. நேபாளம், இலங்கை, வங்கதேசம், இந்தியா என்று நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். ஆனால் பலர் ஹெல்பராகப் போய், மொழி தெரியாமல், ஹெல்பராகவே இருக்கிறார்கள்.

நான் சொல்வது வேறு. கம்பி வேலைக்காரனாகப் போகட்டும். போவதற்கு முன் அந்த வேலைக்கான ருமேனியச் சொற்களை வாயில் ஏற்றிக்கொண்டு போகட்டும். முழு மொழி தேவையில்லை, கட்டடத்தின் மொழி போதும். முந்நூறு சொல் இருக்கும். நாளுக்கு ஐந்து என்றால் இரண்டு மாதம். இதை எந்த ஏஜென்டும் சொல்லித்தர மாட்டார், எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் இருக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூன்று வருடம் முன்பு என்னிடம் வந்துபோன ஒரு பையன் அங்கே டைல்ஸ் ஒட்டுகிறான். அவன் அனுப்பும் குரல்பதிவுகள்தான் என் பாடப்புத்தகம். போன புதிதில் ஒருநாள் மேலிருந்து "ஸ்கார! ஸ்கார!" என்று கத்தினார்களாம். ஆங்கில அகராதியில் படிக்கட்டு என்று போட்டிருந்ததால் இவன் படிக்கட்டில் விழுந்தடித்து ஏறி மூன்றாம் மாடிக்குப் போய் நின்றிருக்கிறான். அவர்கள் கேட்டது ஏணி. அங்கே படிக்கட்டுக்கும் ஏணிக்கும் ஒரே சொல்தான், வரைபடத்தின் அளவுகோலுக்கும் அதே சொல்தான். கையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும்.

ஆகவே ஒரு நோட்டு வாங்கி மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். ஆங்கிலம், நம் சைட் தமிழ், ருமேனியம். நடுக்கட்டம் எதற்கு என்று கேட்பான். 'ஃப்ளோர்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியும் அதுதான், தரையும் அதுதான். ருமேனியத்தில் மாடி 'எதாஷ்', தரை 'பொத்யா'. தமிழில் யோசிக்கிறவனுக்குக் குழப்பமே இல்லை, நம்மிடம் ஏற்கெனவே இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வால்' ஒன்றுதான், நமக்கும் சுவர் ஒன்றுதான், ஆனால் அங்கே செங்கல்லாலோ கல்லாலோ கட்டி எழுப்பிய கனத்த சுவர் 'ஸித்', அறைக்குள் பார்க்கும் சுவர் 'பெரேத்தே'. ஸித் கட்டுகிறவர் 'ஸிதார்'. அதுதான் உங்கள் வீட்டுக்காரர். 'காமெர' என்றால் படம் பிடிப்பது இல்லை, அறை.

உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம். எழுதுகிறபடியே ஏறத்தாழ வாசிக்கிற மொழி அது. ஆங்கிலேயர்கள் திணறும் ஒரு உயிரொலி அதில் உண்டு. நமக்கு அது 'காசு', 'பட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்து வீடு. பில்லருக்கு அவர்கள் சொல்லும் 'ஸ்துல்ப்', கட்டுக்கம்பிக்குச் சொல்லும் 'ஸுர்ம', கொக்கிக்குச் சொல்லும் 'குர்லிக்' மூன்றிலும் அந்த ஒலிதான். இன்னொன்று, 'அந்த' என்று குறிப்பிட அவர்கள் சொல்லுக்கு முன்னால் எதையும் வைப்பதில்லை, பின்னால் ஒட்டுகிறார்கள். ஸித் என்றால் சுவர், ஸிதுல் என்றால் அந்தச் சுவர். வேற்றுமை உருபைச் சொல்லின் வாலில் ஒட்டியே வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

எண்களைக்கூடக் கேட்டுப் பாருங்கள். ஏழு 'ஷாப்தே', ஒன்பது 'நொவ'. சப்தமும் நவமும் தெரிந்தவனுக்கு மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மேஸ்திரி. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது, லத்தீனில் ஆசானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ருமேனிய சைட்டில் ஃபோர்மன் 'மாய்ஸ்த்ரு'. அது ஜெர்மன் வழியாகச் சுற்றி வந்தாலும் அதே லத்தீன் தாத்தாவின் பேரன்தான். நம் மேசையும் அப்படியே. அங்கே 'மாஸ' என்றால் மேசை, சாப்பாட்டு வேளையும் அதுதான். மதியம் யாராவது மாஸ என்றால் கம்பியைப் போட்டுவிட்டுப் போகலாம். ஒரே ஒரு பொறி இருக்கிறது. 'மிஸ்த்ரீயெ' என்று ஒரு சொல் காதில் விழும், மேஸ்திரி என்று நினைத்து அவன் திரும்பிப் பார்க்க வேண்டாம். அது கரணை. கிரேக்கத்திலிருந்து வந்தது, நம் மேஸ்திரிக்குச் சொந்தமில்லை.

இனி அவனுடைய தொழில். கம்பி வேலைக்காரருக்கு அங்கே 'ஃபியெரார் பெத்தோநிஸ்த்' என்று பெயர், வேலை ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருக்கும். சென்ட்ரிங் 'கொஃப்ராஷ்', பீம் 'கிரிந்த', ஸ்லாப் 'ப்லாக்க', சாரம் 'ஸ்கேல', ரசமட்டம் 'பொலொபோக்'. (இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லிக்காட்டியபோதுதான் பையன் முதல்முறையாகச் சிரித்தான்.) இவனுக்குப் பிடித்த ரிங் அங்கே 'எத்ரியேர்'. பிரெஞ்சில் குதிரைச் சேணத்தில் கால் வைத்து ஏறும் அங்கவடி என்று பொருள், ஆங்கிலத்தில் 'ஸ்டிரப்' என்பதும் அங்கவடியேதான். நீளக் கம்பி உள்ளே ஏறி நிற்பதற்கு ஒரு வளையம், அவ்வளவுதான்.

அந்த வளையத்துக்கு அங்கே மரியாதை அதிகம். 1977 மார்ச் 4 இரவு வ்ராஞ்சா நிலநடுக்கத்தில் 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் தலைநகர் புகாரெஸ்டில். இன்றைக்கும் அந்த நகரத்தில் அடுத்த பெரிய அதிர்வுக்குத் தாங்காது என்று கணித்த பழைய கட்டடங்களின் சுவரில் சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ரிங்கின் கொக்கியை 90 பாகையில் மடித்துவிட்டுப் போக முடியாது. 135 பாகைக்கு உள்நோக்கி வளைத்து, காங்கிரீட்டின் வயிற்றுக்குள் நுனி புதைய வேண்டும். பீமும் பில்லரும் சேரும் இடத்தில் ரிங்குகள் நெருக்கமாக வரும், விரல் நுழையாது. பையனிடம் ஒரு ரிங் வளைத்துக் காட்டச் சொன்னேன். என் மேசையிலிருந்த ஜெம் கிளிப்பை நிமிர்த்திச் சதுரமாக மடித்தான், கடைசிக் கொக்கியை யாரும் சொல்லாமலே உள்பக்கம் திருப்பினான். நிலநடுக்கப் பகுதிக்கு நம்ம ஊர் விதியும் அதுதான், ஆனால் எத்தனை சைட்டில் செய்கிறார்கள்? இந்தக் கையை நாலரை லட்சம் கட்டி வகுப்பறையில் பூட்டப் பார்க்கிறீர்கள்.

கைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அது உண்மை. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி மையத்தில் கம்பி வேலைக்குப் பயிற்சி உண்டு. அதை முதலில் விசாரியுங்கள்.

பணம். இதில் நான் கறார். அந்த ஏஜென்டுக்கு ஐந்து லட்சம் கொடுத்தால் இந்த யோசனையையே கைவிடுங்கள். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. மட்டும். முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். நம் மாநில அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு மனிதவள நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுவிட்டு அப்புறம் மற்றவரிடம் போங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கணக்கைப் பாருங்கள். 2024-ல் கட்டுமானத் தொழிலாளிக்கு அங்கே குறைந்தபட்ச மொத்தச் சம்பளம் மாதம் 4,582 லேய் (லேய் என்பது அந்த நாட்டுப் பணம்). அதில் ஓய்வூதியத்துக்கு 25 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 10, மிச்சத்தில் வருமான வரி 10. கட்டுமானத்துக்கு இருந்த வரிச்சலுகையும் 2025-ல் போய்விட்டது. இதையெல்லாம் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 2,680 லேய், நம் பணத்தில் ஐம்பதாயிரத்தை ஒட்டி. ஐந்து லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் மாதம் பத்தாயிரம். சாப்பாடு, ஃபோன் போக என்ன மிஞ்சும்? முன்வட்டி பிடித்தால் அதுவும் இல்லை. உங்கள் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிற மாதிரி இருந்தால் பையன் உள்ளூரிலேயே கம்பி கட்டட்டும். அதில் ஒரு குறைவும் இல்லை.

"அங்க கால் வச்சா ஜெர்மனிக்குப் போயிடலாம்" என்றும் உங்கள் தம்பி சொன்னார். எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகலாம் என்று ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் ஷெங்கன் எல்லைக்குள் ருமேனியா 2025 ஜனவரி 1 முதல் முழுதாக வந்துவிட்டது, அது சரி. ருமேனிய அனுமதியை வைத்து ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்கலாம், வேலை பார்க்க முடியாது. அனுமதி எடுத்த கம்பெனியை முதல் வருடத்துக்குள் மாற்றவே அந்த முதலாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். குறுக்கு வழியில் ஓடி மாட்டிக்கொண்டால் வாங்கிய கடன் இங்கே உங்கள் வாசலில்தான் நிற்கும். ஜனவரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், கம்பியைத் தொட்டால் கை ஒட்டும். இதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். என் 'ஃப்லுதுராஷ்' எங்கே? அந்தக் கடைசிச் சொல்லுக்குக் குட்டிப் பட்டாம்பூச்சி என்று பொருள், பேச்சுவழக்கில் சம்பளச் சீட்டையும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் மொத்தம் எவ்வளவு, கைக்கு எவ்வளவு, மிகைநேரம் எத்தனை மணி என்று வாசிக்கத் தெரியாமல் யாரும் விமானம் ஏறக் கூடாது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பையனை அனுப்புங்கள். நூறு சொல்லாவது கேட்பேன். அப்பா கூட வரட்டும், ஸிதார் பக்கத்துச் சொற்களுக்கு அவர் இருந்தால் நல்லது. தம்பி வர வேண்டாம்.