வயலினில் நகர்ந்த குதிரை விலங்கு அல்ல

"வயலின் குதிரை நகர்ந்துவிட்டது, சரிசெய்ய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு" என்ற வரியை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இடத்திலும் விலங்கு இல்லை.

முதல் குதிரை, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. வயலினில் அதை ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தம்தான் நிறுத்திவைக்கிறது. நான்கு தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் விழுந்துவிடும். வீணையிலும் குதிரை உண்டு, மேலே உலோகத் தகடு பதித்தது. ஆகவே இலக்கு மொழியில் அந்தப் பாகத்துக்கு வாசிப்பவர்கள் சொல்லும் பெயரையே போடுங்கள். விலங்கின் பெயரைப் போட்டால் வாசகர் லாயத்தைத் தேடுவார்.

குதிரைக்கு ஏது கொம்பு? 'இல்லாதது' என்பதே மூலப் பொருள், முயற்கொம்பு மாதிரி. இன்றைய பேச்சில் அது 'மிக அரிது' என்று இளகிவிட்டது. "கிடைப்பது", "பார்ப்பது" போன்ற சொல்லுக்குப் பின் வந்தால் அந்தப் பொருள்தான். உங்கள் வரிக்கு 'அரிது' போதும். 'முடியவே முடியாது' என்று ஏற்றிவிடாதீர்கள். தமிழில் 'குதிரைக்கொம்பு' என்று எழுதும்போது நடுவில் வரும் 'க்' விட்டுப்போகக் கூடாது.

அடுத்த அத்தியாயத்தில் "குதிரை பேரம்" வந்தால், அது கட்சி தாவ விலை பேசுவது.