மலையேற்றத்தில் திணறும் பிக்கப்

கேள்வி: அமெரிக்காவின் டென்வரில் வசிக்கிறோம். எங்கள் பெட்ரோல் பிக்கப், சுமார் 2,700 கிலோ எடையுள்ள பயண ட்ரெய்லரைச் சமவெளியில் எளிதாக இழுக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது மட்டும் திணறுகிறது. எஞ்சினில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறன்று, காற்றின் அடர்த்திக் குறைவே காரணம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழ 3 சதவீதத்தை இழப்பதால், சுமார் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள அந்தச் சுரங்கப்பாதையை எட்டும்போது, கடல்மட்டத்தில் இருந்த வலுவில் மூன்றில் இரண்டு பங்கே மிஞ்சுகிறது. டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உட்செலுத்துவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். உங்களுடையது டர்போ இல்லாதது எனில், கியரைக் குறைத்து, எஞ்சின் வெப்பமானியைக் கவனித்தபடி, வலப்புறத் தடத்தில் நிதானமாக ஏறுங்கள். எஞ்சின் உரத்து இரையும். அது காதுக்குத்தான் தொல்லை.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கவலை தருகிறது. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பல டீசல் பிக்கப்களில் உள்ள எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து, எஞ்சினைக்கொண்டே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) பெட்ரோல் வண்டிகளில் பொதுவாக இராது என்பதால், குறைந்த கியரிலேயே இறங்குங்கள். ட்ரெய்லரின் பிரேக் சரியாக இயங்குகிறதா என்பதைப் புறப்படுமுன் சோதித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: விளம்பரம் சொல்லும் இழுவைத்திறனை மட்டும் நம்பாமல், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டில் சுமைத்திறனை, அதாவது வண்டி தன்மேல் தாங்கக்கூடிய எடையை, பாருங்கள். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது உங்களுக்கு 270 முதல் 405 கிலோ வரை, இணைப்புக் கொக்கியின் மேல் அமரும். அதுவும், குடும்பத்தினரும், பின்தட்டிலுள்ள சாமான்களும் சேர்ந்தே அந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.