ஊருக்குப் போகும்போது ஸ்கூட்டர் பேட்டரியை நிரப்பி வைக்கலாமா?

கேள்வி: எங்கள் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி, மாடிப்படிக்கு அடியில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடுகிறோம். அடுத்த மாதம் 40 நாள் ஊரில் இருக்கமாட்டோம். முழுதாக நிரப்பி வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டாம், பாதி போதும். நிரப்பி வைக்கும் பழக்கம் நமக்கு இன்வெர்ட்டரிலிருந்து வந்தது. அதிலுள்ள ஈய-அமில பேட்டரி, சார்ஜ் குறைந்து கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெடும். ஸ்கூட்டரில் இருக்கும் லித்தியம் பேட்டரியின் சுபாவம் வேறு. நிறைந்த நிலையில், அதுவும் புழுக்கமான அறையில் நாள்கணக்கில் கிடந்தால் அதன் கொள்ளளவு தேயும். அதற்காக வற்றவிட்டும் போகாதீர்கள். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற கண்காணிப்புச் சுற்று சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். செல்லின் வோல்டேஜ் மிகவும் சரிந்தால் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பே உள்ளுக்குள் ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கலாம். 50 சதவீதத்தில் நிறுத்தி, வண்டியிலிருந்து கழற்றி, நிழலில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத மாடிப்படிதான் எனக்குப் பெரிய கவலை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். தீ எட்டாத அறைக்கும் புகை வந்துவிடும். படிக்கட்டு வழியாகத்தான் அது மேலே ஏறும்; நீங்கள் இறங்கி ஓட வேண்டியதும் அதே வழிதான். 'ஆட்டோ கட் இருக்கிறதே' என்பார்கள். அது நிரம்பியதும் நிறுத்தும், பழுதான செல்லைச் சரிசெய்யாது. வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமான வெளிப்புற இடத்தில், வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

சார்ஜர் பழுதானால், பிளக் பொருந்துகிறதே என்று வேறொன்றை வாங்காதீர்கள். கடையில் '48 வோல்ட்' என்று விற்பவற்றில் லித்தியத்திலேயே இரண்டு வகை உண்டு: 13 செல் வரிசை கொண்ட என்எம்சி வகை பேட்டரிக்கு உச்சம் 54.6 வோல்ட், 16 செல் கொண்ட எல்எஃப்பி வகைக்கு 58.4. எல்எஃப்பியின் சார்ஜரை என்எம்சியில் மாட்டினால், 4.2 வோல்ட்டில் நிற்கவேண்டிய செல்லுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட் போகும். அதைத் தடுக்க மிஞ்சியிருப்பது பிஎம்எஸ் மட்டும்தான்.

திரும்பி வந்ததும் முதலில் பேட்டரியின் உடலைத் தடவிப் பாருங்கள். உப்பலோ, கசிவோ, வழக்கமில்லாத வாடையோ இருந்தால் சார்ஜ் போடாமல் வெளியே தனியாக வைத்துவிட்டு சர்வீஸ் மையத்தை அழையுங்கள்.