அரபு நாடுகளில் பாலியல் ஆசைகளைப் பற்றிப் பேசுவதே குற்றமா? சவுதிக்கு வேலைக்குப் போகிறேன், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஜெத்தாவில் ஒரு மாலில் பெண்கள் உள்ளாடைக் கடையில் விற்பனையாளராக இருந்தேன். 2012க்கு முன்பு சவுதியில் அந்தக் கடைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற வெளிநாட்டு ஆண்கள்தான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஆசைக்கு அங்கே பஞ்சமில்லை. யாரிடம், எந்த உறவுக்குள் பேசலாம் என்பதில்தான் கெடுபிடி எல்லாம்.

நிகாப் என்ற முகத்திரை அணிந்த பெண் வந்து வேண்டியதை விரலால் காட்டுவார். அளவு சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நான் மேசையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். போட்டுப் பார்க்க அறை கிடையாது. பணம் கட்டி, மால் கழிவறையில் போட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் திரும்பக் கொண்டுவருவார்கள். கல்யாண சீசனில் மணப்பெண்ணும் அம்மாவும் சேர்ந்தே வந்து சிவப்பு சாட்டின், லேஸ், இறகு வைத்தது என்று பை நிறைய வாங்கிப் போவார்கள். சிரியாவின் டமாஸ்கஸில் உள்ள ஹமீதியா கடைத்தெரு இன்னும் ஒரு படி மேல். பாட்டுப் பாடும் உள்ளாடை, விளக்கு மினுங்கும் உள்ளாடை எல்லாம் அங்கே பெயர் பெற்றவை.

அந்நிய ஆணிடம் உடல் அளவைச் சொல்ல வேண்டிய கொடுமையை எதிர்த்து ஜெத்தா விரிவுரையாளர் ரீம் அசாத் இயக்கம் நடத்தினார். 2011இல் அரசாணை வந்தது, 2012 ஜனவரியில் அந்த வேலைகள் பெண்களுக்குப் போயின. எங்களில் பலருக்கு வேலை போனது. ஆனாலும் அது நியாயமான முடிவு.

அப்புறம், மதம் எல்லாவற்றையும் தடுக்கிறது என்று நம்மூரில் நினைக்கிறோம். கணவன் மனைவிக்குள் மாதவிடாய்க் கால உறவும் ஆசனவாய் உறவும் கூடாது என்று சுன்னி அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். மற்ற விருப்பங்களில் அவர்கள் அதிகம் தலையிடுவதில்லை. குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய எகிப்தின் சுயூத்தியே 15ஆம் நூற்றாண்டில் காமக்கலை நூல்களும் எழுதியிருக்கிறார். நம் காலத்தில், ஹிஜாப் அணிந்த மருத்துவர் ஹெபா குத்ப் எகிப்திய தொலைக்காட்சியில் தம்பதிகளின் படுக்கையறைச் சிக்கல்களுக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார். துபாய் நீதிமன்றத்தின் குடும்ப ஆலோசகர் விதாத் லூத்தா 2009இல் தம்பதிகளுக்குப் பாலியல் வழிகாட்டி எழுதியதற்குக் கொலை மிரட்டலே வந்தது.

திருமணத்துக்கு வெளியே கதை வேறு. மொராக்கோவில் தண்டனைச் சட்டத்தின் 490ஆம் பிரிவின்படி மணமாகாதவர்களின் உறவுக்கு ஓராண்டு வரை சிறை. துனிசியாவின் 230ஆம் பிரிவு தன்பால் உறவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. இது 1913இல், பிரெஞ்சு ஆதிக்கத்தின்போது வந்த தண்டனைச் சட்டத்தில் உள்ளது.

என்னை உலுக்கியது ஒரு எகிப்திய நண்பரின் பேச்சு. அவருக்குப் பெண்களின் பாதங்கள் மீது ஈர்ப்பு. கல்யாணம் நிச்சயமான பிறகு, "இது நோயா, பாவமா?" என்று என்னிடம் கேட்டார். அப்பாவிடம் கேட்க முடியாது. மருத்துவரிடம் போனால் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். நான் வெளியூர்க்காரன், சொன்னால் யார் காதுக்கும் போகாது என்ற தைரியம்தான். யாருக்கும் தீங்கில்லாத விருப்பம் நோயில்லை, கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றேன். மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய மஹர் பணமும் வீடும் சேரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்கள் வருடக்கணக்கில் இப்படித் தனியாகப் புழுங்குகிறார்கள். பெண்களுக்கோ கேட்பதே களங்கம். ஆசையைவிட இந்தத் தனிமைதான் ஆளைத் தின்கிறது என்பது என் கருத்து.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உடன் வேலை செய்யும் அரபியரிடம் மனைவியின் பெயரையோ நலத்தையோ நேரடியாகக் கேட்காதீர்கள். "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று பொதுவாகக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆபாசப் படம், காணொளி எதையும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். சவுதியின் 2007 இணையக் குற்றச் சட்டத்தில் ஒழுக்கத்துக்கு எதிரானவற்றைத் தயாரித்தாலோ அனுப்பினாலோ ஐந்தாண்டு வரை சிறையும் 30 லட்சம் ரியால் வரை அபராதமும் உண்டு. நம்மூர் நண்பர்கள் குழுவில் வந்து விழுவதையும் விமானம் ஏறும் முன்பே அழித்துவிட்டு, அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள்.