நாணயம் விற்பவர்கள் விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சி என்று போடுகிறார்களே, என்ன அர்த்தம்?

விலைப்பட்டியலைப் பார்த்துக் குழம்பிப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றுமே தேய்மானத்தைச் சொல்பவை. ஓரளவு தேய்ந்தும் முக்கியமான கோடுகள் தெளிவாக இருந்தால் விஎஃப். மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் எக்ஸ்எஃப். புழக்கத்துக்கே போகாதது யுஎன்சி. புரூஃப் என்பதை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது தரம் இல்லை, மெருகேற்றிய அச்சில் தனியாக அடிக்கும் முறை.

ஆனால் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'கிளீன்டு', அதாவது யாரோ தேய்த்துச் சுத்தம் செய்த நாணயம்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் 1862-ஆம் வருஷத்து விக்டோரியா ராணி ரூபாய் ஒன்று இருந்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, கறுத்துப்போயிருந்தது. கல்லூரியில் படித்த நான், வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டு, அப்புறம் விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பாட்டிக்கும் சந்தோஷம்.

அதை ஒரு நாணயக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். அங்கே கடை போட்டிருந்த பெரியவர் விளிம்பைப் பிடித்து விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ராணி தலைமுடி இழை இழையா இருக்கு தம்பி. எக்ஸ்எஃப்னு சொல்லியிருப்பேன். தேய்ச்சிட்டீங்களே" என்று லென்ஸைக் கொடுத்தார். கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். நான் அழுக்கு என்று நினைத்த அந்தக் கறுப்புக்கு டோனிங் என்று பெயராம். போனால் போனதுதான். அந்த ரூபாயை இன்னும் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

'பச்சைக் களிம்பு பிடித்த செப்புக்காசையும் அப்படியே விடச் சொல்கிறாயா' என்று யாராவது வருவார்கள். அதைச் சொல்லவில்லை. களிம்பு உலோகத்தை அரிக்கும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டுப் புளி வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். படம் பார்த்து வாங்குவதென்றால் வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள்.