பழைய டீசல் வண்டியை மாற்ற அமெரிக்க அரசு மானியம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் பழைய டீசல் லாரிகளையும் பள்ளிப் பேருந்துகளையும் மாற்றுவதற்குக் கிடைக்கும் மானியம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இந்த விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பதுதான் என் வேலை என்பதால் பதில் சொல்ல முன்வந்தேன். தொடங்கும் முன் ஒன்று: பழைய இன்ஜின் இனி எந்த ஊரிலும் ஓடக் கூடாது என்பதற்காகவே அரசு இந்தப் பணத்தைக் கொடுக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் விதிகளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

அக்கா, நான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிச் செல்கிறேன். சொந்தமாக ஒரே ஒரு லாரி, 2006 மாடல். நானே விண்ணப்பிக்கலாமா?

மத்திய அரசின் முக்கியத் திட்டம் 'டெரா' என்று அழைக்கப்படும் டீசல் உமிழ்வுக் குறைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில் பிறந்தது. அதன் தேசியப் போட்டியில் தனியார் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, தம்பி. மாநில, உள்ளாட்சி, பழங்குடி அரசுகள், துறைமுக ஆணையங்கள், பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்), தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியவைதான் விண்ணப்பிக்கலாம். அவை பணத்தை வாங்கி உங்களைப் போன்ற உரிமையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். ஆகவே நீங்கள் முதலில் பேச வேண்டியது உங்கள் துறைமுக ஆணையத்திடமும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடமும். அடுத்த முறை விண்ணப்பிக்கப் போகிறார்களா, தங்கள் பட்டியலில் உங்கள் லாரியைச் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். சில மாநிலத் திட்டங்களில் தனியாரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியாவின் கார்ல் மோயர் திட்டமும் டெக்சாஸின் 'டெர்ப்' திட்டமும் அப்படிப்பட்டவை.

எவ்வளவு கிடைக்கும்?

முழு விலையும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். 2022-23 டெரா அறிவிப்பின்படி, பழைய வண்டிக்குப் பதில் புதிய டீசல் வண்டி வாங்கினால் 25 சதவீதம் வரை; நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவாக வெளியிடும் என்று சான்று பெற்ற இன்ஜின் என்றால் 35; மின்சார வண்டி என்றால் 45. துறைமுகக் கண்டெய்னர் லாரிகளுக்கு மட்டும் 50 சதவீதம் வரை. வண்டியின் விலை 2,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், புதிய டீசலுக்கு உங்கள் கையிலிருந்து 1,50,000 போட வேண்டும். பெரும்பாலும் நீங்கள் செலவு செய்த பிறகுதான் பணம் திரும்ப வரும் என்பதால், இடைக்காலத்துக்கு வங்கிக் கடன் கிடைக்குமா என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மானியம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் புதிய லாரிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். பிரச்சினை இல்லையே?

பிரச்சினைதான், ஐயா. மானியம் உறுதியாவதற்கு முன் செய்த செலவு கணக்கில் சேராது. கொட்டேஷன் வாங்கலாம், ஆர்டர் கொடுக்கக் கூடாது. ரத்து செய்ய முடிந்தால் இன்றே விற்பனையாளரிடம் பேசுங்கள்.

என்னென்ன ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும்?

நல்ல விண்ணப்பங்கள் விழுவது இந்த இடத்தில்தான். புதிய வண்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பழைய வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மதிப்பீடு செய்பவருக்குத் தெரிய வேண்டியதோ பழைய வண்டியின் வரலாறு. அது இரண்டு ஆண்டுகளாக உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். சாலை வண்டி என்றால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 7,000 மைலாவது ஓடியிருக்க வேண்டும். இன்றைக்கும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். இன்னும் மூன்று ஆண்டுகளாவது ஓடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் லாரி எந்தப் புகையையும் விடுவதில்லை, அதை அழிப்பதால் காற்றுக்கு லாபமும் இல்லை.

அதனால் ஓடோமீட்டர் அளவை ஒவ்வொரு மாதமும் தேதியோடு எழுதி வையுங்கள். டீசல் ரசீதுகள், பராமரிப்பு பில்கள், காப்பீடு, பதிவுச் சான்று ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். பிறகு இன்ஜின் மூடியைத் திறந்து, இன்ஜினின் மேல் ஒட்டியிருக்கும் உமிழ்வு லேபிளைத் தேடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். அதில் 'இன்ஜின் குடும்பம்' என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அதன் முதல் குறிதான் இன்ஜினின் ஆண்டு: 6 என்றால் 2006, 7 என்றால் 2007. பதிவுச் சான்றில் உள்ளது வண்டியின் ஆண்டு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2007 லாரியில் 2006 இன்ஜின் இருப்பது மிகச் சாதாரணம். தகுதி இன்ஜினின் ஆண்டை வைத்தே முடிவாகிறது, படிவத்தில் தவறான ஆண்டை எழுதினால் உமிழ்வுக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

நன்றாக ஓடும் வண்டியை ஏன் அழிக்க வேண்டும்? வேறு மாநிலத்தில் விற்றால் யாராவது பிழைத்துப் போகட்டுமே!

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. உழைத்துச் சம்பாதித்து, பார்த்துப் பார்த்துப் பராமரித்த வண்டி. ஆனால் எண்களைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் தரவிதி லாரி இன்ஜின்களின் நுண்துகள் வரம்பை, ஒரு குதிரைத்திறன்-மணி நேர வேலைக்கு 0.10 கிராமிலிருந்து 0.01 கிராமாகக் குறைத்தது. பத்தில் ஒரு பங்கு! அதற்கு முந்தைய இன்ஜினை விற்றால் அந்தக் கரி அப்படியே இன்னொரு தெருவுக்குப் போகிறது. அங்கே அதைச் சுவாசிப்பது இன்னொருவருடைய பிள்ளை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முறை இதுதான்: இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் மூன்று அங்குல அகலத்துக்கு, சுவரைத் துளைத்துச் செல்லும் ஓட்டை போட வேண்டும். சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்கே வெட்ட வேண்டும். பழைய வண்டியை மாற்றிய 90 நாள்களுக்குள் இது முடிய வேண்டும். வண்டி அடையாள எண், இன்ஜின் எண், ஓட்டைக்கு முன்னும் பின்னும் பிளாக், வெட்டிய சட்டங்கள் என்று வரிசையாகப் படம் வேண்டும். இன்ஜினும் சேஸிஸும் அல்லாத மற்ற பாகங்களைக் கழற்றி விற்கத் தடையில்லை. அதில் வரும் தொகையைக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

எங்கள் மாநிலத்தில் பழைய லாரியை எப்படியும் மாற்றியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்கும் மானியம் உண்டா?

டெராவில் இல்லை. சட்டம் கட்டாயமாக்கிய மாற்றத்துக்குப் பணம் தரமாட்டார்கள். கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் ஏறக்குறைய எல்லாக் கனரக லாரிகளிலும் 2010 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின் இருக்க வேண்டும் என்பது விதி. கெடு வருவதற்கு முன்பே விண்ணப்பித்தவர்கள்தான் பயன் பெற முடிந்தது.

வோக்ஸ்வேகன் பணம் என்கிறார்களே, அது என்ன?

டீசல் கார்களின் உமிழ்வை மறைத்ததாக வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் மீது தொடுத்த மோசடி வழக்கின் 2016 உடன்பாட்டில் உருவான அறக்கட்டளை நிதி, சுமார் 290 கோடி டாலர். மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு 100 சதவீதம் வரைகூடத் தர அதில் இடம் உண்டு. உங்கள் மாநிலப் பங்கில் மீதம் இருக்கிறதா என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறையைக் கேளுங்கள்.

நான் பள்ளிக் குழுவில் இருக்கிறேன். பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்ற நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

மின்சார நிறுவனத்தில் தொடங்குங்கள், அம்மா. பேருந்து வந்து நின்ற பிறகும் சார்ஜருக்கான இணைப்பு வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த பள்ளிகள் உண்டு. பணிமனைக்கு எவ்வளவு மின்திறன் வருகிறது, புதிய டிரான்ஸ்பார்மர் வேண்டுமா, யார் செலவு, எத்தனை மாதம் ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் தூய பள்ளிப் பேருந்துத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதி, புகையே விடாத பேருந்துகளுக்கு மட்டும். முதல் சுற்றில் வறுமை மிகுந்தவை, கிராமப்புறம், பழங்குடிப் பகுதி போன்ற முன்னுரிமைப் பள்ளி மாவட்டங்களுக்கு ஒரு பெரிய மின்சாரப் பேருந்துக்கு 3,75,000 டாலர் வரை கிடைத்தது. தொகையும் நிபந்தனையும் சுற்றுக்குச் சுற்று மாறும், எனவே பழைய அறிவிப்பைப் பார்த்துப் பட்ஜெட் போட்டுவிடாதீர்கள். முதலில் மாற்ற வேண்டியது மிகப் பழைய பேருந்தை. அடுத்தது, பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் அதிக நேரம் நிற்பதை. பிள்ளைகள் வரிசையில் நிற்பது அதன் புகைக்குழாய்க்குப் பக்கத்தில்தான்.

இரண்டு மானியங்களைச் சேர்த்து வாங்கலாமா?

ஒரு மத்திய மானியத்தில் நீங்கள் போட வேண்டிய பங்கை, இன்னொரு மத்திய மானியத்தைக் கொண்டு நிரப்ப முடியாது. மாநிலப் பணத்தைச் சேர்க்கலாமா என்பது அந்தந்தத் திட்டத்தைப் பொறுத்தது.

எங்களுடையது சிறிய லாப நோக்கற்ற அமைப்பு. அறிவிப்பு வரும்வரை செய்ய ஏதாவது இருக்கிறதா?

மத்திய அரசின் 'சாம்' இணையதளத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். பதிவு முடியப் பல வாரங்கள் ஆகலாம், அது இல்லாமல் விண்ணப்பத்தை அனுப்பவே முடியாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பதிவு முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்டுக் கடிதமோ மின்னஞ்சலோ வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.